குளியலறைக் கூரையும் கானாடுகாத்தான் பயணமும்

"காசிக்குப் போனேன், ராமேஸ்வரம் போனேன் என்று எழுதுவார்கள். நீ குளியலறை சீலிங்கைப் பற்றியா பயணக் கட்டுரை எழுதப் போகிறாய்?" என்று என் கணவர் கேலி செய்கிறார். செய்யட்டும். காரைக்குடிப் பக்கம் ஒரு சாந்திக் கல்யாணத்துக்குப் போன நான், திரும்பி வரும்போது ஒரு வாளி சுண்ணாம்போடு வந்தேன் என்றால், அதற்குக் காரணம் அந்தக் கூரைதானே!

எங்கள் வீடு திருச்சியில் இருக்கிறது. மாமனார் 1989-இல் கட்டியது. கீழே ஒரே குளியலறை. ஏழடி நீளம், ஐந்தடி அகலம். அதன் மேல்தளம் என்னைப் பல வருஷமாக அவமானப்படுத்தி வந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் பளபளவென்று எனாமல் பெயின்ட் அடிப்போம். ஆடி பிறப்பதற்குள் அது அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு கிளம்பும். ஐப்பசியில் மூலைகளில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சைக்காளான். விருந்தாளி குளிக்கப் போனால், "அண்ணாந்து மட்டும் பார்த்துவிடாதே தாயே" என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வேன்.

அவமானம் என்றால் சகித்துக்கொள்ளலாம். விஷயம் அதோடு நிற்கவில்லை. என் பெண்ணுக்குச் சின்ன வயதில் இளைப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் ராத்திரி ராத்திரியாக உட்கார்த்தி வைத்துக்கொண்டு விடிய வைத்திருக்கிறேன். "வீட்டில் ஈரமோ பூஞ்சையோ இருந்தால் சுத்தம் செய்யுங்கள், இளைப்பு இருக்கிற குழந்தைக்கு அது ஆகாது" என்று அப்போதே டாக்டர் சொன்னார். துடைப்போம், பெயின்ட் அடிப்போம், மறுபடி வரும். அப்படியே பழகிவிட்டது. வளர்ந்தபின் அவளுக்கு இளைப்பும் நின்றது, நாங்களும் மறந்தோம்.

இந்தத் தை மாதம் அவளுக்கு வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். முதல் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீர் விளாவி வைத்தேன். அவள் உள்ளே போய் உட்கார்ந்த மறு நிமிஷம், "அம்மா!" என்று ஒரு கூப்பாடு. ஓடிப்போய்ப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெயின்ட் செதில் வெந்நீர் வாளிக்குள் மிதக்கிறது. என் மாமியார் எட்டிப் பார்த்தார். எழுபத்தாறு வயதில் வீட்டில் குழந்தை குளிப்பாட்டப் போகிறவர் அவர்தான். "இன்னும் ரெண்டு மாசத்துல இங்கேதான் காலை நீட்டிக்கிட்டு உட்காரப் போறேன். பச்சைக் குழந்தை கண்ணுல இது விழுந்தா என்னடி பண்ணுவே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கண்ணில் விழுவது ஒன்று. அந்தக் காற்றை அது மூச்சில் இழுக்குமே, அது ஒன்று.

கணவர் உடனே வழி சொன்னார். "பிளாஸ்டிக் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டுவிடலாம். ஒரே நாள் வேலை. மேலே இருப்பது கண்ணுக்கே தெரியாது." தெரியாதுதான். ஆனால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வீடு பெருக்கின மாதிரி அல்லவா அது! எனக்குச் சம்மதமில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கணவரோடு வேலை பார்த்தவரின் சாந்திக்கு அழைப்பு வந்தது. அறுபது நிறைவதை அந்தப் பக்கத்தில் சாந்தி என்று சொல்வார்கள். கானாடுகாத்தானில் அவர்களுடைய பூர்வீக வீட்டில் விசேஷம். பெண்ணை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு நாள் முன்னதாகவே கிளம்பினோம்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர். பஸ்ஸில் போய் இறங்கி, காலை ஆகாரம் முடித்துக்கொண்டு, "விசேஷம் நாளைக்குத்தானே, சித்தன்னவாசல் பார்த்துவிட்டுப் போகலாம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து எனக்கு ஆசை. புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர்தான். ஆட்டோ பேசிக்கொண்டோம். வழியெல்லாம் செம்மண்ணும் முட்செடியும் பாறையுமாக வறண்ட பூமி. அதன் நடுவில் திமிங்கிலம் படுத்த மாதிரி ஒரு நீளமான குன்று.

அறிவர் கோயில் என்று சொல்கிறார்கள். ஜைனர்களின் குடைவரை. சிறிய இடம்தான், நம் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது என்று சொல்ல முடியாது. தூண்களில் ஆடல் மகளிர். அண்ணாந்து பார்த்தால், அந்தப் புகழ்பெற்ற தாமரைக் குளம்! இலையும் மொட்டும் பூவுமாக அடர்ந்த பச்சை. நடுவே மீன், பறவை, யானை. பூப் பறிக்கிற ஆண்கள். பல இடங்களில் உதிர்ந்தும் மங்கியும் போயிருக்கிறது. இருக்கிற மிச்சமே நெஞ்சை நிறைக்கிறது. பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டு இருக்கிறது. ஆக, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மற்றவர்கள் எல்லாம் ஓவியத்தைப் பார்த்தார்கள். நான் வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் போனது ஓவியத்துக்கு அடியில் இருக்கிற பூச்சின்மேல். வெறும் பாறை; அதன்மேல் மெல்லியதாகச் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து; அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு; அதன்மேல் வர்ணம். அவ்வளவுதான். "கூரையில்தானே பூசியிருக்கிறார்கள்? ஆயிரம் வருஷம் தலைகீழாக ஒட்டிக்கொண்டு நிற்கிறதே! நம் வீட்டில் ஆறு மாதம் நிற்க மாட்டேன் என்கிறது" என்றேன். கணவர், "இங்கே யாரும் கெய்சர் போட்டுக் குளிக்கவில்லை" என்றார். அவர் வாய்க்கு எப்போதும் ஒரு பதில் தயார். ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தால் அதிலும் விஷயம் இருந்தது.

மலையின் மறுபுறம் ஏழடிப்பட்டம் என்று, துறவிகள் படுத்த கல் படுக்கைகள் இருக்கின்றன. ஏறுவதற்குத் தெம்பும் தண்ணீர் பாட்டிலும் வேண்டும். நான் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போகிற சகோதரிகள் காலை எட்டு, ஒன்பது மணிக்கே ஏறிவிடுவது நல்லது. பாறை சுட ஆரம்பித்தால் செருப்பே சூடேறுகிறது.

புதுக்கோட்டைக்குத் திரும்பி மறுபடி பஸ். திருமயம் கோட்டை ஜன்னலில் வந்து போனது. மாலையில் கானாடுகாத்தான் சேர்ந்தோம்.

அந்த ஊர்த் தெருக்களில் நடக்கும்போது ஏனோ மெதுவாகத்தான் பேச வருகிறது. ஒரு வீட்டின் வாசல் ஒரு தெருவில் என்றால், கொல்லை அடுத்த தெருவில். பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணத்தில் பர்மாத் தேக்கும் வெளிநாட்டுப் பளிங்கும் கண்ணாடியும் வரவழைத்துக் கட்டிய வீடுகள். யுத்த காலத்தில் பர்மா வியாபாரம் போயிற்று. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். பல வீடுகளில் பூட்டுத்தான் தொங்குகிறது. விசேஷம் வந்தால் திறக்கிறார்கள், நாலு நாள் கலகலவென்று இருக்கும், மறுபடி பூட்டு.

நாங்கள் போன வீட்டில் முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கிறது. எந்தச் சுவரைத் தொட்டாலும் சில்லென்று, வழவழவென்று, முகம் தெரிகிற மாதிரி ஒரு பளபளப்பு. பெயின்ட் இல்லை. வீட்டு ஆச்சியிடம் கேட்டேன். "கல்யாணமாகி நான் வந்து அம்பத்தஞ்சு வருஷமாச்சு. இந்தச் சுவத்துக்கு ஒரு தடவைகூட வெள்ளை அடிச்சதில்லே. ஈரத்துணியால தொடைப்போம், அம்புட்டுத்தான்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது என்றால் தப்பாக நினைக்க மாட்டீர்களே?

மறுநாள் விசேஷம் விமரிசையாக நடந்தது. கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி, கும்மாயம்... சாப்பாட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது எழுதினால் கூரை நின்றுபோகும். பந்தி முடிந்து கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே குளிக்கும் அறை. எட்டிப் பார்த்தேன். முதல் நாள் ராத்திரியிலிருந்து அத்தனை உறவுக்காரர்களும் வெந்நீரில் குளித்திருக்கிறார்கள்; மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்கவில்லை! கறுப்பும் இல்லை. இன்னொன்றும் பார்த்தேன். முன்கட்டுச் சுவர் மாதிரி அது வழவழப்பாக இல்லை. நார்த்தங்காய்த் தோல் மாதிரி சொரசொரவென்று, பொடிப்பொடிப் புள்ளியாக இருந்தது.

ஆச்சி சிரித்துக்கொண்டே, "அதைப் பூசினவரே பந்தியில சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காரு" என்றார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான கொத்தனாரை அழைத்து வந்து நிறுத்தினார். மூன்று தலைமுறையாக அந்த ஊர் வீடுகளில் சுண்ணாம்பு வேலை செய்கிறவர்கள்.

"ஐயா, முன்னால வழவழன்னு இருக்கு, இங்கே ஏன் சொரசொரன்னு விட்டீங்க?" என்று கேட்டேன்.

"அம்மா, வழவழப்பு கண்ணுக்கு அழகு. சுவத்துக்குச் சரி. குளிக்கிற ரூம்புல ஆவி மேல போவுது. வழவழன்னு இருந்தா முத்து முத்தாக் கோத்துக்கிட்டுத் தலையில சொட்டும். கூரை கொஞ்சம் முரடா, மேலே பெயின்ட் இல்லாம இருந்தா ஈரத்தைக் குடிச்சுக்கும். அப்புறம் கதவைத் தொறந்து வெச்சா, குடிச்சதை வெளியில விட்டுரும். நீங்க எனாமல் அடிச்சு அதுக்கு வாயை அடைச்சுட்டீங்க."

முன்கட்டுச் சுவரின் ரகசியத்தையும் சொன்னார். சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் விட்டுக் கலப்பார்கள். பல கோட்டுகள். வர வரச் சாந்து நைசாகும். கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய் தேய் என்று தேய்ப்பது. சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. அதனால்தான் வருஷம் ஆக ஆக அது இறுகுகிறது. அதில் காரம் அதிகம். பூஞ்சை சுலபத்தில் பிடிக்காது.

"எங்க வீட்டுல முட்டை ஆகாது. மாமியார் சுத்த சைவம்" என்றேன், முன்ஜாக்கிரதையாக.

"கூரைக்கு எதுக்கும்மா முட்டை? பளபளப்பு வேணும்னாத்தான் முட்டை" என்றார். பிறகு ஒன்று சொன்னார்: "பூச்சு கிடக்கட்டும். மொதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க. ஆவியா, ஒழுக்கான்னு தெரியாம பூசினா, தங்கத்தையே பூசினாலும் உதிரும்."

அதைக் கண்டுபிடிக்கவும் வழி சொன்னார். கூரையை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, ஒரு முழ நீளப் பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு இறுக ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் ஆவி. உள்பக்கம் வியர்த்திருந்தால் தளத்திலிருந்தே நீர் இறங்குகிறது.

அவர் எங்கள் ஊருக்கு வருவதற்கு உடம்பு இடம் கொடுக்காது என்றார். ஆனால் ஒரு மாதம் ஊறிய சுண்ணாம்பை ஒரு பெயின்ட் வாளியில் நிறைத்து, மூடி போட்டுக் கட்டித் தந்தார். போன் நம்பரும் தந்தார்.

அந்த வாளியோடு பஸ் ஏறினது ஒரு தனிக்கதை. இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். கண்டக்டர் மூடியைத் தட்டிப் பார்த்து, "என்னம்மா, தயிரா?" என்றார். "சுண்ணாம்பு" என்றேன். "வெத்தலைக்கா, இம்புட்டா?" என்று பஸ்ஸே சிரித்தது. லக்கேஜ் டிக்கெட் போட்டார். என் கணவர் வழி நெடுக ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தார், என்னைத் தெரியாதவர் போல.

(ஆத்தங்குடி போய் ஓடு பதிக்கும் பட்டறை பார்க்க நேரமில்லாமல் போயிற்று. கண்ணாடிச் சட்டத்தின்மேல் கலர் சிமென்டை ஊற்றி, கையாலேயே செய்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற ஓடு அது. அடுத்த தடவை கட்டாயம்.)

வீடு வந்து முதல் வேலையாகப் பாலிதீன் தாள் ஒட்டினேன். நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று. மூன்றாம் நாள் பார்த்தால், நடுவில் ஒட்டினது வெளியே முத்து முத்தாக நனைந்து, உள்ளே காய்ந்து கிடக்கிறது. மூலையில் ஒட்டினது உள்பக்கமே நனைந்திருக்கிறது! மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குழாயின் மூட்டு கசிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக ஒரே நோய் என்று நினைத்து மருந்து போட்டோமே, இரண்டு நோய்! பிளம்பரை அழைத்து மூட்டை மாற்றினோம். ஆவிக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. கொசு வருகிறதென்று வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தவள் சாட்சாத் நான்தான். அட்டையை எடுத்துவிட்டு வலை அடித்தோம்.

அடுத்து, பழைய பெயின்டைச் சுரண்டுவது. இளம் தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பழைய எனாமல் பெயின்டுகளில் ஈயம் கலந்திருக்கக் கூடும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. எங்கள் கூரையில் அதற்கு முன் அடித்த கோட்டுகள் எத்தனையோ! அந்தத் தூசி கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் ஆகவே ஆகாது. குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். ஆகவே பெண்ணை ஒரு வாரம் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். கூரையைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரமாகவே சுரண்டினார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கீழே பாலிதீன் விரித்து, விழுந்ததை அப்படியே சுருட்டிக் கட்டினோம். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தேன்.

பூஞ்சை இருந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவினோம். ஜன்னல் கதவு திறந்திருக்க வேண்டும். அதோடு குளியலறை கழுவும் ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் விஷ வாயு கிளம்பும். சின்ன அறையில் மூச்சே நின்றுவிடும். ஒரு வாரம் காயப்போட்டோம்.

எங்கள் பக்கத்துக் கொத்தனார் இளைஞர். சுண்ணாம்பு என்றதும், "இந்தக் காலத்துல யாரும்மா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஒரு பாண்டு சுண்ணாம்புக்கு மூன்று பாண்டு சலித்த மணல். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரை மாமியார் தயார் செய்தார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது பிறந்த வீட்டில் பார்த்த வேலையாம். அடுப்படிக்கும் கொல்லைக்கும் அவர் நடந்த நடையைப் பார்த்தால், வயது பத்துக் குறைந்த மாதிரி இருந்தது. முதல் கோட்டு மார்ச் 3-ஆம் தேதி முடிந்தது.

மூன்றாம் நாள் இரவு பதினோரு மணிக்குத் தொப்பென்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டால், கூரையில் பாதி தரையில் கிடக்கிறது. நான் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. பெண்ணுக்கு எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது. பிளாஸ்டிக் பலகை என்றால் ஒரே நாள்.

காலையில் பெரியவருக்குப் போன் செய்தேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார். "கான்கிரீட்டைக் கொத்தி விட்டாங்களா? பூசறதுக்கு மொத நாளே தண்ணி காட்டினீங்களா?" இரண்டுமே இல்லை. கொத்தனார் அங்கங்கே நாலு கொத்து கொத்தியிருந்தார். தண்ணீரும் பூசுகிறபோது கொஞ்சம் தெளித்ததுதான். "தாகமா இருக்கிற கான்கிரீட் சாந்துல இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும்மா. அப்புறம் சாந்து எப்படிப் பிடிக்கும்? கனமா வேற பூசியிருப்பாரு, சிமென்ட் கை அது" என்றார்.

இளைஞரை மறுபடி அழைத்தேன். நியாயமானவர், முதல் வேலைக்குக் கூலி கேட்கவில்லை. உளியால் அம்மி கொத்துகிற மாதிரி கூரை முழுக்க நெருக்கமாகக் கொத்தினார். இரண்டு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஊறவைத்தோம். பிறகு மெல்லிய கோட்டாகச் சாந்தை எறிந்து ஒட்டவைத்து, பூசின ஈரத்திலேயே சீப்பால் வாரின மாதிரி கீறிவிட்டார். பத்து நாள் அதை மெல்லக் காயவிட்டு, தினமும் ஸ்பிரேயரால் லேசாக நனைத்தேன். சிமென்ட் போல அவசரப்பட்டால் சுண்ணாம்பு வெடிக்கும்.

இரண்டாவது கோட்டுக்கு மணலை இன்னும் நைசாகச் சலித்தோம். அரிசி கனத்துக்குப் பூசி, மணியாசுக் கட்டையால் சமப்படுத்தி, கொஞ்சம் இறுகும்வரை காத்திருக்க வேண்டும். விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். அந்தப் பதம் வந்ததும் கட்டையில் ஈரச் சாக்குத் துணியைச் சுற்றி, ஒத்தி ஒத்தி எடுத்தார். ஒவ்வொரு ஒத்தலுக்கும் மணல் மேலே எழும்பி, அதே நார்த்தங்காய்த் தோல்! அதிகம் ஒத்தினால் கூர் கூராக வந்து உதிரும்; போதாவிட்டால் கட்டையின் தடம் தெரியும். முதல் மூலை கொஞ்சம் அலங்கோலம்தான். வாசல் பக்கம் வருவதற்குள் இளைஞரின் கை நன்றாகப் பழகிவிட்டது. கடைசியில் நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பு இரண்டு கை. மார்ச் 25-ஆம் தேதி வேலை முடிந்தது.

அண்ணாந்து செய்கிற சுண்ணாம்பு வேலைக்குக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் ஏற விடாதீர்கள். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் கைவைத்தியம் எதுவும் வேண்டாம். உடனே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு குறைந்தது கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, நேரே கண் டாக்டரிடம் ஓட வேண்டும். சுண்ணாம்பு வாளி குழந்தைகள் கையில் எட்டவே கூடாது.

ஏப்ரல் 2-ஆம் தேதி, சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே பேத்தி பிறந்துவிட்டாள். கூரை இறுகி முடியவில்லை. தொப்புள் கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்தோம். பிறகு கொல்லையில் மறைப்புக் கட்டி, வெயில் வந்தபின் அங்கேதான் குளியல். "அரண்மனைக் கூரை போட்டுட்டு என் கொள்ளுப்பேத்தியை முருங்கைமரத்தடியில குளிப்பாட்ட வெச்சுட்டியே" என்று மாமியார் தினம் ஒரு முறை சொன்னார். வாய்தான் அப்படி, ராத்திரி டார்ச் அடித்துக் கூரையைப் பார்த்துவிட்டுப் படுப்பவரும் அவர்தான்.

சித்திரை இரண்டாம் வாரம் உள்ளே குளிப்பாட்டினோம். மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கிடத்திக்கொண்டார். வெந்நீர் ஆவி அறை முழுக்கப் பரவியது. நான் குழந்தையைப் பார்க்கவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. குளித்து முடித்ததும் கதவையும் வென்டிலேட்டரையும் திறந்து வைத்தோம். மத்தியானத்துக்குள் கூரை பழைய வெள்ளைக்கு வந்துவிட்டது. (சாம்பிராணிப் புகையை மட்டும் டாக்டர் வேண்டாம் என்றார். அதற்கு மாமியாரைச் சம்மதிக்க வைத்தது இந்தக் கூரையைவிடப் பெரிய வேலை.)

குறையும் உண்டு. சொரசொரப்பில் ஒட்டடை சுலபமாகத் தங்குகிறது. வாரம் ஒரு முறை மெல்லிய துடைப்பத்தால் தட்ட வேண்டும். ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் சுண்ணாம்பு கையோடு வரும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்கிறார் பெரியவர். எனாமல் மட்டும் கூடாது.

போன வாரம் அவருக்குப் போன் செய்து, கூரையைப் படமெடுத்து அனுப்பினேன், அவருடைய பேரன் போனுக்கு. கொஞ்ச நேரத்தில் பெரியவரே கூப்பிட்டார்.

"கூரை நல்லாத்தான் இருக்கு. மூலையில மட்டும் கை தடுமாறியிருக்கு. அது சரி, கொழந்தை படம் எங்கே?" என்றார்.